வளரிளம் பிள்ளைகளின் திறன் வளர்ச்சியும் குடும்பத்தின் ஓய்வு நேரமும்: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

பிள்ளை ஒன்பதாம் வகுப்பை முடித்துப் பத்தாம் வகுப்பில் கால் வைத்ததும் அந்த வீட்டில் முதலில் பறிபோவது ஞாயிற்றுக்கிழமைதான். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் டியூஷன், இடையில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் கைப்பேசி என்று பிள்ளையின் நாள் கழிகிறது. துணி துவைப்பதிலும் கடைக்குப் போய் வருவதிலும் பெற்றோரின் நாள் கழிகிறது. சில்வர் பீச்சில் ஒன்றாக உட்கார்ந்து எத்தனை மாதமாயிற்று என்று கேட்டால், தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் குடும்பம்கூட யோசித்துத்தான் பதில் சொல்லும். பரீட்சை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் தள்ளிவைக்கும் அந்த நேரத்தில்தான், பரீட்சைக்கு அப்பால் பிள்ளைக்குத் தேவைப்படும் பல திறன்கள் உருவாகின்றன என்பதை, இருபது ஆண்டுகளாகப் பள்ளியில் பாடம் நடத்துபவன் என்ற முறையிலும், பதினாறு வயது மகளுக்கும் பதின்மூன்று வயது மகனுக்கும் தந்தை என்ற முறையிலும் நான் உறுதியாகச் சொல்வேன்.

ஓய்வு நேரம் தானாகவே திறனை வளர்த்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இடத்தை அப்பா முடிவு செய்து, பணத்தை அப்பா கொடுத்து, சாப்பாட்டை அம்மா கட்டி, பிள்ளை பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு போய்வரும் பயணத்தில் மகிழ்ச்சி கிடைக்கும், திறன் கிடைக்காது. அமெரிக்க உளவியலாளர் ரீட் லார்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதற்கான விளக்கம் இருக்கிறது. வகுப்பறையில் வளரிளம் பிள்ளைகள் கவனம் செலுத்துகிறார்கள், ஆனால் விருப்பம் குறைவு. நண்பர்களோடு இருக்கையில் விருப்பம் மிகுதி, ஆனால் கவனத்தைக் குவிக்க வேண்டியதில்லை. தாமாக விரும்பி ஏற்ற, ஒழுங்கும் இலக்கும் கொண்ட செயலில்தான் இரண்டும் ஒருசேர அமைகின்றன. முன்முயற்சி என்ற குணம் அங்கேதான் பழகுகிறது என்றார் அவர். விளையாட்டு, கலை போன்றவற்றை மனத்தில் வைத்து அவர் சொன்னதை நாம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் ஒன்றே ஒன்றைச் செய்ய வேண்டும்: ஓய்வு நேரத்தில் நடக்கும் ஏதாவது ஒரு காரியத்தின் முழுப் பொறுப்பையும், அது தவறிப்போகும் உரிமையோடு சேர்த்து, பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் படிகள் எல்லாம் அதற்கான வழிமுறைகளே.

முதல் படி: நேரத்தைக் கண்டுபிடித்தல்

ஒரு வாரத்துக்கு வீட்டிலுள்ள அனைவரும் தத்தம் நேரம் எங்கே போகிறது என்பதை ஒரே தாளில் எழுதுங்கள். பிள்ளையின் நேரத்தை மட்டும் கணக்கெடுத்தால் அது விசாரணையாகிவிடும்; அப்பா வாட்ஸ்அப்பில் கழித்த நேரமும் அம்மா தொடர் பார்த்த நேரமும் அதே தாளில் ஏறினால்தான் பேச்சு நியாயமாக நடக்கும். தூக்கத்தில் கை வைக்கக்கூடாது, ஏனென்றால் 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. மற்றவற்றைப் பார்த்து, வாரத்தில் இரண்டு மணி நேரத்தையும் மாதத்தில் ஒரு அரை நாளையும் ஒதுக்கினால் போதும்.

இரண்டில் வாராந்தர இரண்டு மணி நேரமே முக்கியம் என்பது என் அனுபவம். குடும்ப ஓய்வைப் பற்றி ஆராய்ந்த சப்ரிஸ்கி, மெக்கார்மிக் என்ற இருவர் 2001ஆம் ஆண்டில் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் செலவின்றி அடிக்கடி நடக்கும் எளிய செயல்கள் ஒருவகை. எப்போதாவது நடக்கும், திட்டமிடலும் செலவும் கோரும் புதிய அனுபவங்கள் இன்னொரு வகை. முன்னது நெருக்கத்தையும் பின்னது புதிய சூழலுக்கு ஏற்ப மாறும் ஆற்றலையும் வளர்க்கிறது என்பது அவர்கள் கருத்து. நம்மில் பலர் இரண்டாவது வகையை மட்டும், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்து முடித்துக்கொள்கிறோம்.

நெய்வேலியிலோ சிப்காட்டிலோ ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒத்துவராமல் போகலாம்; அவர்கள் வேறு ஒரு நாளின் மாலையை எடுத்துக்கொள்ளட்டும். கடற்கரைக் குப்பங்களில் இருக்கும் குடும்பங்களுக்கு இயற்கையாகவே ஒரு வாய்ப்பு அமைகிறது. நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. விசைப்படகில் போகும் அப்பா வீட்டில் இருக்கும் அந்தக் காலமும் பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் ஒன்றாக வருகின்றன. கிழிந்த வலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னும் பிள்ளைக்குக் கைத்திறனும் பொறுமையும் வருவதோடு, ஆண்டு முழுவதும் பேசக் கிடைக்காத அப்பாவோடு பேச்சும் கிடைக்கிறது.

இரண்டாம் படி: கேட்கும் முறை

"எங்கே போகலாம்?" என்று கேட்டால் "எங்கேயாவது" என்றுதான் பதில் வரும். அதைக் கேட்டுப் பெற்றோருக்குக் கோபம் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இதற்கு மாறாக, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஆளுக்கு இரண்டு யோசனைகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொருவரும் தமக்குச் சிறிதும் ஒவ்வாத ஒன்றை நீக்கலாம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சியவற்றில் எதை எடுப்பது என்று வாதாடும் அந்தக் கால்மணி நேரமே ஒரு பயிற்சிதான். தன் விருப்பத்துக்குக் காரணம் சொல்வது, பிறர் காரணத்தைக் கேட்பது, இன்றைக்கு விட்டுக்கொடுத்து அடுத்த வாரத்துக்குக் கேட்டு வாங்குவது ஆகியவற்றை எந்தப் பாடப்புத்தகமும் இப்படிப் பழக்குவதில்லை. என் மகன் ஒருமுறை கைப்பேசி விளையாட்டு ஒன்றை எழுதியிருந்தான். நீக்க நினைத்த என் மனைவி, "எனக்கு நீயே கத்துக்கொடு" என்று நிபந்தனை வைத்து ஏற்றுக்கொண்டார். தெரியாதவருக்குப் படிப்படியாகச் சொல்லித்தருவது எவ்வளவு கடினம் என்பதை அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டான்.

மூன்றாம் படி: ஒரு காரியத்தை முழுதாகக் கொடுத்தல்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது என்பதால் எங்கள் வீட்டில் நடந்ததையே விரிவாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போவது எங்கள் வழக்கம். ஒருநாள் மகனிடம் நானூறு ரூபாயைக் கொடுத்து, நான்கு பேருக்கு மதியச் சாப்பாட்டுக்கான மீனை அவனே வாங்க வேண்டும் என்றும், நான் பத்தடி தள்ளியே நிற்பேன் என்றும் சொன்னேன். அவன் முதலில் கண்ணில் பட்ட சங்கரா மீன் கூறு ஒன்றை, கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். மீன் பளபளப்பாகத்தான் இருந்தது. வீட்டில் அவன் அம்மா செவுளைத் திறந்து காட்டியபோது அது சாம்பல் பூத்துப் போயிருந்தது, விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. அன்றைக்கு யாரும் அவனைத் திட்டவில்லை. நல்லதாக இருந்தவற்றைப் பொறுக்கி வறுத்துச் சாப்பிட்டோம்; மீதியை அவனே தூக்கி எறிந்தான்.

அடுத்த வாரம் அவன் வாங்குவதற்கு முன்பு, மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் போய், "அக்கா, நல்ல மீனுன்னு எப்படிப் பாக்கணும்?" என்று கேட்டான். அவர் ஒரு மீனை எடுத்துச் செவுள் சிவந்திருப்பதையும், கண் குழி விழாமல் தெளிவாகத் துருத்திக்கொண்டிருப்பதையும், அழுத்திய சதை உடனே எழும்பி வருவதையும் காட்டிக்கொடுத்தார். முன்பின் தெரியாத பெரியவரிடம் பேசத் தயங்கும் பிள்ளை அவன். வேலை அவனுடையது என்று ஆன பிறகு அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

மே மாதத்தில் நானூறு ரூபாய்க்கு வஞ்சிரம் கட்டுப்படியாகவில்லை. ஏன் என்று என்னிடம் கேட்டான். தடைக்காலத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். விசைப்படகு போகாவிட்டாலும் சிறு படகுகள் போகின்றனவே, அவற்றில் என்ன வருகிறது என்று அவனே விசாரித்து, நெத்திலியும் மத்தியும் வாங்கிவந்தான். தலையும் குடலும் கழித்தால் ஒரு கிலோவில் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடவும் தொடங்கிவிட்டான். வரத்துக் குறைந்தால் விலை ஏறும் என்பதைப் பிறகு அவன் பாடத்தில் படிக்கும்போது, அவனுக்கு அது புதிய செய்தியாக இருக்காது.

சைவக் குடும்பங்கள் இதையே உழவர் சந்தையிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ செய்யலாம். பண்ருட்டிப் பலா வரத்து தொடங்கும் பருவத்தில் முழுப் பழத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் சிறிய வித்தை இல்லை. பெற்றோர் பத்தடி தள்ளி நிற்பதும், உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வந்தாலொழிய வாய் திறக்காமல் இருப்பதும்தான் இதில் மாறக்கூடாத விதி. பிள்ளைக்கு இருப்பதைவிட நமக்குத்தான் இதில் அதிகப் பயிற்சி தேவைப்படுகிறது.

நான்காம் படி: வீட்டுக்குள் ஆட்டம்

மழைக்காலத்தில் வெளியே போக முடியாத வாரங்கள் நமக்கு அதிகம். கேரம், சீட்டு, தாயம் எதுவானாலும் நல்லதே. என் பரிந்துரை ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று சந்திப்புகள் கொண்ட கட்டத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்தால் போதும், காசு செலவில்லை. இரு தரப்புக்கும் வலிமை சமமில்லாத ஆட்டம் என்பதே இதன் சிறப்பு. ஆடு வைத்து ஆடுபவர் பறிகொடுத்துக்கொண்டே இருந்தாலும் பதறாமல் புலியை மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வர வேண்டும். வேகமாக வென்று பழகிய என் மகள், ஆயாவிடம் (பாட்டியிடம்) தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்ற பிறகு, "எந்த ஆட்டை விடறதுன்னு முன்னாடியே யோசிச்சு வச்சிருக்கீங்களா ஆயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவளுக்குள் எழுந்ததுதான் பயன். பிள்ளை மனம் நோகக்கூடாது என்று வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்காதீர்கள். பதின்ம வயதுப் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும், அவமதிப்பாகவும் படும்.

ஐந்தாம் படி: மாதத்துக்கு ஒரு பயணத்தைப் பிள்ளையே திட்டமிடுதல்

மகளுக்குப் பதினைந்து வயதானபோது பிச்சாவரம் பயணத்தை அவள் பொறுப்பில் விட்டோம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்து, அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பிச்சாவரத்துக்கு இன்னொரு பேருந்து, படகுக் கட்டணம், சாப்பாடு, தண்ணீர், ஆயாவின் மாத்திரை என்று எல்லாவற்றையும் அவளே விசாரித்து ஒரு தாளில் எழுதினாள். கையில் இரண்டாயிரம் ரூபாய். அதற்குமேல் கேட்கக்கூடாது, மிஞ்சினால் அவளுக்கு.

அவள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு அங்கே போய் இறங்கியபோது படகுக்கான வரிசை நீண்டு கிடந்தது. வெயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நின்றோம். ஆயாவை நிழல் தேடி உட்காரவைத்து, தண்ணீர் வாங்கிக்கொடுத்து, தம்பியை வரிசையில் நிறுத்தி, அவள் முகம் சுருங்கிப்போய் அலைந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்ற வாக்கியத்தைப் பல்லைக் கடித்து விழுங்கினேன். உண்மையில் நான் அப்போது சொல்லவும் இல்லை.

துடுப்புப் படகு குறுகிய கால்வாய்க்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் களைப்பு மறந்துவிட்டது. சுரபுன்னை மரங்கள் காலூன்றி நிற்கும் வேர்களையும், வெண்கண்டல் மரத்தடியில் சேற்றிலிருந்து விரல்கள்போல மேல்நோக்கி முளைத்திருக்கும் சுவாச வேர்களையும் படகோட்டி காட்ட, மகள் முன்பே படித்து வைத்திருந்த தில்லை மரத்தைப் பற்றிக் கேட்டாள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் அது; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அந்தக் கேள்வியையும் பதிலையும் ஆயா ஊருக்கு வந்து பத்துப் பேரிடம் சொல்லியிருப்பார்.

இரவில் அவள் தன் திட்டத் தாளின் அடியில் எழுதியிருந்தது: "அடுத்த தடவை ஆறு மணி பஸ். ஞாயிறு வேண்டாம். ஆயாவுக்குக் குடை." இந்த மூன்று வரிக்காக அந்த இரண்டு மணி நேர வெயிலைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆறாம் படி: ஊரைப் பிள்ளை நமக்குக் காட்டுதல்

தெரிந்த ஊரில்கூடப் பிள்ளையை வழிகாட்டியாக்கலாம். ஒரு இடத்தைப் பற்றி முன்கூட்டியே படித்துவந்து, அங்கே நின்று பத்து நிமிடம் குடும்பத்துக்கு விளக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தேவனாம்பட்டினத்தில் இருக்கும் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று ஒப்பந்தமாயிற்று. குண்டு கிராமங்கள் என்ற பெயரும், நாம் தினமும் வண்டியில் போகும் குண்டு சாலையின் பெயரும் அதிலிருந்து வந்தவை. ஒரு வரைபடத்தில் கோட்டையை மையமாக வைத்து அந்த ஊர்களைக் குறிக்கச் சொன்னால், கணிதமும் வரலாறும் பேச்சுத்திறனும் ஒரே மாலையில் வேலை செய்யும்.

புதுச்சேரியில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. 1908 முதல் 1918 வரை பாரதியார் வாழ்ந்த ஊர், 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு, 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம், பறவைகள் வந்து தங்கும் ஊசுட்டேரி என்று மாதம் ஒன்றாக எடுத்தாலும் ஓராண்டுக்குக் காணும். மாலையில் வாகனம் நிறுத்தப்படும் கடற்கரைச் சாலையில் அனைவரும் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாலே, 5 முதல் 17 வயதினருக்கு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் 60 நிமிட உடலியக்கத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும். சண்டே மார்க்கெட்டில் ஒரு குறிப்பிட்ட தொகைக்குள் தனக்குத் தேவையானதைப் பேரம் பேசி வாங்கச் சொல்லலாம். கடலில் இறங்குவதை மட்டும் பிள்ளையின் முடிவுக்கு விடாதீர்கள். நம் கரையில் நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாமல் இழுக்கும், நீச்சல் தெரிந்தவருக்கும் அது ஆபத்தே.

ஏழாம் படி: பெரியவர்களின் நினைவைப் பதிவு செய்தல்

வளரிளம் பிள்ளைக்குக் கேட்கும் திறனை வளர்க்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்ததையும், 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததையும், 2015 வெள்ளத்தையும், 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகி வந்ததையும் கண்ணால் பார்த்தவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அரை மணி நேரம் கைப்பேசியில் பதிவு செய்து, பிறகு இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

கேள்விகளைப் பிள்ளையே எழுதட்டும்; ஒன்றை மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுங்கள். "பயமா இருந்துச்சா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதோடு பதில் முடிந்துவிடும். "அன்னைக்குக் காலையில என்ன சமைச்சீங்க?" என்று கேட்டால் முழு நாளும் விரிந்து வரும். என் மகள் அப்படிக் கேட்டபோது, ஆயா தானே புயலன்று ஈர விறகோடு பட்ட பாட்டில் தொடங்கி, பக்கத்துத் தெருவில் நான்கு குடும்பம் ஒரே அடுப்பில் சமைத்ததுவரை சொல்லிக்கொண்டே போனார். நடுவில் அவர் அழுதார். என்ன செய்வதென்று தெரியாமல் மகள் பதிவை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் செய்த அந்தக் காரியத்துக்கு எந்த மதிப்பெண் பட்டியலிலும் இடம் கிடையாது.

எட்டாம் படி: பிறகு பேசுதல்

ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியபின் பத்து நிமிடம் போதும். எது நன்றாக அமைந்தது, எதை மாற்றலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பிள்ளை முதலில் பதில் சொல்லட்டும், பெற்றோர் கடைசியில் பேசட்டும். பாராட்டும்போது "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "வரிசையில நிக்கும்போது ஆயாவ மறக்காம பாத்துக்கிட்ட" என்று செய்ததைச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் அதுவரை செய்த எல்லாம் வீணாகும்.

வழியில் வரும் தடைகள்

பிள்ளை வர மறுத்தால் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். இரண்டு வாரம் விட்டுப் பிடியுங்கள். ஒரு நண்பரையோ தோழியையோ அழைத்துவர அனுமதியுங்கள். அப்பாவும் அம்மாவும் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினால் மறுப்பு பாதியாகக் குறைவதைப் பார்க்கலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்யும் அநியாயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பயணத்துக்கு முந்திய நாள் புளிசாதம் கட்டுவதும், திரும்பிவந்து பாத்திரம் கழுவுவதும் மகளுக்கு, டிக்கெட் வாங்குவதும் வழி கேட்பதும் மகனுக்கு என்று பிரித்துவிட்டு, இருவருக்கும் ஒரே ஓய்வு நேரம் என்று சொல்வது பொய். வெளி ஆட்களிடம் பேசி முடிவெடுக்கும் வேலை மகளுக்கும், சமையலறை வேலை மகனுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். அம்மாவின் ஓய்வும் இதில் அடக்கம். முதல் நாள் இரவே அடுப்படியில் நின்று களைத்தவருக்கு மறுநாள் பயணம் இன்னொரு வேலை நாளாகத்தான் இருக்கும்.

பொதுத்தேர்வு ஆண்டில் மாதாந்தரப் பயணத்தை நிறுத்திவிடலாம். வாராந்தர நேரத்தை ஒரு மணியாகக் குறையுங்கள், ஆனால் அறவே எடுத்துவிடாதீர்கள். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989இன் ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியாவும் 1992இல் அதை ஏற்றிருக்கிறது. மகள் இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பு. சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்திய வாரத்திலும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆயா தரையில் கட்டம் வரைந்துவிடுவார். மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து, ஆடுகளைத் தன் பக்கம் எடுத்துக்கொள்வாள்.